டயர்: சக்கரத்தின் உடுப்பும் மனிதரின் களைப்பும்

மாணவர்களே, டி, ஐ, ஆர், இ என்ற நான்கு எழுத்துகளை ஆங்கில அகராதியில் தேடிப் பாருங்கள். ஒரே எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒன்று வினைச்சொல். களைத்துப்போவது, சோர்வது, சலித்துப்போவது என்பது அதன் பொருள். மற்றொன்று பெயர்ச்சொல். அமெரிக்க எழுத்துமுறையில் அது சக்கரத்தைச் சுற்றியிருக்கும் டயரைக் குறிக்கும். உச்சரிப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சக்கரத்துக்கும் சோர்வுக்கும் என்ன உறவு? ‘சுற்றிச் சுற்றிச் சக்கரம் களைத்துப்போகிறது, அதனால்தான் இந்தப் பெயர்’ என்று சிலர் விளையாட்டாகச் சொல்வார்கள். சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்த சொற்கள். ஆனால் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களின் கதையைப் படித்தால், அகராதி பிரித்து வைத்த இந்த இரண்டையும் வரலாறு ஒன்றாகக் கட்டிப்போட்டது புரியும்.

தமிழிலும் உண்டு

ஒரே வடிவம் பல பொருள் தருவது நமக்குப் புதிதல்ல. ‘மாலை’ என்றால் அந்திப் பொழுதும் பூச்சரமும். ‘ஆறு’ என்றால் எண்ணும் நதியும். ‘படி’ என்றால் பாடம் படிப்பதும், மாடிக்கு ஏறும் படியும், அரிசி அளக்கும் படியும். இலக்கணம் இதைப் பலபொருள் ஒருமொழி என்று வகைப்படுத்துகிறது. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டைப் பொருத்திக் காட்டிய காளமேகப் புலவரின் சிலேடைகள் எல்லாம் இந்த வசதியை வைத்து எழுந்தவைதாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில சமயம் ஒரே சொல் கிளைவிட்டுப் பல பொருளைப் பெறுகிறது. சில சமயம் தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள், காலப்போக்கில் தேய்ந்து மாறி, ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தின் ‘டயர்’ இரண்டாம் வகை.

இரண்டு வேர்கள்

களைப்பைக் குறிக்கும் சொல் பழமையானது. பழைய ஆங்கிலத்தில் ‘தேயோரியன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. முடியாமல்போதல், நின்றுபோதல், வலுவிழத்தல் என்பன அதன் பொருள்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ‘டயர்ட்’.

சக்கரத்து டயர் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. ‘அட்டையர்’ என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். உடை, உடுப்பு என்று பொருள். திருமண அழைப்பிதழிலும் கல்லூரி விருந்து அறிவிப்பிலும் எந்த உடையில் வரவேண்டும் என்பதைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். அந்தச் சொல்லின் முன்பகுதி தேய்ந்து ‘டயர்’ ஆயிற்று. அதாவது டயர் என்பது சக்கரத்துக்குப் போடும் உடுப்பு!

அப்போது ரப்பர் என்ற பொருளையே ஐரோப்பா அறியாது. மரச்சக்கரம் தேயாமலிருக்க அதன் விளிம்பில் இரும்புத் தகடுகளை அடித்தார்கள். பின்னர் முழு வளையமாக இரும்புப் பட்டையைச் செய்தார்கள். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இயற்பியல் பாடத்தில் வரும் வெப்ப விரிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மலாக்காவின் அடையாளங்களில் ஒன்றான மாட்டு வண்டியின் பெரிய சக்கரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இரும்பு உடுப்பு எதற்கு என்பது சொல்லாமலே விளங்கும்.

எழுத்துக்கூட்டலின் கதையும் சுவையானது. தொடக்கத்தில் ஐ போட்டும் ஒய் போட்டும் கலந்து எழுதினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஐ நிலைபெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சக்கரத்து டயருக்கு மட்டும் ஒய் மீண்டும் வந்தது. அமெரிக்கா பழைய ஐ எழுத்தையே வைத்துக்கொண்டது. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுவதால், சக்கரத்துக்கு ஒய், சோர்வுக்கு ஐ என்று பிரித்து எழுத வேண்டும். கணினியின் பிழைதிருத்தி அமெரிக்க ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டிருந்தால், நீங்கள் சரியாக எழுதிய ஒய்க்கும் சிவப்புக் கோடு போடும். கட்டுரை எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. ‘ரிட்டயர்’ என்ற சொல்லைப் பார்த்து, ‘களைத்தவர்தானே ஓய்வு பெறுகிறார், அதுவும் இதே வேர்தான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது பிரெஞ்சு மொழியில் ‘பின்னுக்கு இழுத்துக்கொள்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு உண்டாகிவிடாது.

தேர்வுக்கு உதவும் நான்கு குறிப்புகள்

முதலாவது: ‘டயர்ட் ஃப்ரம்’ என்றால் ஒரு வேலையைச் செய்ததால் வந்த உடல் களைப்பு. ‘டயர்ட் ஆஃப்’ என்றால் சலிப்பு. ‘ஓடியதால் களைத்தேன்’ என்பதற்கும் ‘ஓடி ஓடிச் சலித்துவிட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இரண்டாவது: ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்று சொல்ல ‘டயர்ட்’ வேண்டும். ‘டயரிங்’ என்பது களைப்பை உண்டாக்கும் வேலைக்கு, பயணத்துக்கு, பேச்சுக்கு உரிய அடைமொழி.

மூன்றாவது: ‘டயர்சம்’ என்றால் அலுப்பூட்டுவது. களைத்தவரைக் குறிக்க இதைப் பயன்படுத்தக்கூடாது.

நான்காவது: ‘டயர்லெஸ்’ என்றால் அயராத. ‘அயராத உழைப்பாளி’ என்று எழுத நினைத்து ஐ இருக்கவேண்டிய இடத்தில் ஒய்யைப் போட்டுவிட்டால், ‘டயர் இல்லாத உழைப்பாளி’ ஆகிவிடும்!

புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது

இனி மலாக்காவுக்கு வருவோம். இரும்பு உடுப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரம் ரப்பர் உடுப்பை அணிந்தது 19-ஆம் நூற்றாண்டில். ரப்பர் அதுவரை வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் வெடித்துப்போகும் பொருளாக இருந்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்று கண்டார். காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அது புழக்கத்துக்கு வரவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். சைக்கிளும், பின்னால் வந்த மோட்டார் காரும் அதை உலகெங்கும் கொண்டு சென்றன.

அந்தத் தேவைக்கு ரப்பர் எங்கிருந்து வரும்? 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு 1888 முதல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். தோட்டக்காரர்களைப் பார்க்கும் போதெல்லாம் ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தியதால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வந்தது.

அவர் பேச்சைக் கேட்டவர்களில் முதன்மையானவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். மரவள்ளி பயிரிட்டு வந்த குடும்பத்தவர். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் தொடங்கப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் இதுவே என்று குறிப்பிடப்படுகிறது. அடுத்து லேடாங் மலையடிவாரத்தில் உள்ள புக்கிட் ஆசாகானில் இன்னும் பெரிய அளவில் நட்டார். மலாக்கா நகரில் இன்றும் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நிலம் கிடைத்தது, விதை கிடைத்தது, விலையும் கிடைத்தது. வேலை செய்ய ஆள் வேண்டுமே! நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. கங்காணிகள் தங்கள் ஊர்க்காரர்களை, உறவினர்களை அழைத்து வந்தார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை இந்த வரத்து நீடித்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, சிலாண்டார், தெபோங் என்று மலாக்காவின் வட்டாரங்களில் லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. 1920-ஆம் ஆண்டளவில் உலகின் ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்துதான் சென்றது.

ஒரு டயருக்கு எத்தனை மரம்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இன்றைய கார் டயர் ஒன்று ஏறக்குறைய 9 அல்லது 10 கிலோ இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இயற்கை ரப்பர். அதாவது சுமார் 2 கிலோ. மீதி செயற்கை ரப்பர், எஃகுக் கம்பி, நூலிழை, கரித்தூள் முதலியவை. வெள்ளைப் பாலிலிருந்து வந்த டயர் கறுப்பாக இருப்பதற்கு அந்தக் கரித்தூள்தான் காரணம். தேய்மானத்தைத் தாங்கும் வலிமையையும் அதுவே தருகிறது.

ஒரு மரம் ஒரு காலையில் தரும் பாலில், நீர் போக 40 கிராம் ரப்பர் கிடைப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2 கிலோவுக்கு 50 மரங்கள் வேண்டும். லாரி டயருக்கு வாருங்கள். எடை 55 கிலோ அளவில் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு இயற்கை ரப்பர் என்றால் சுமார் 18 கிலோ. அதற்கு 450 மரங்கள்.

பால் வெட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கப்படும் மரங்கள் ஏறக்குறைய 500. ஆக, ஒருவர் விடியுமுன் எழுந்து, தன் நிரை முழுவதையும் சீவி முடித்து, பாலைச் சுமந்து கொண்டுவந்து சேர்த்தால், அந்த ஒரு நாள் உழைப்பில் ஒரே ஒரு லாரி டயருக்குத் தேவையான ரப்பர் கிடைக்கும். நெடுஞ்சாலையில் நம்மைக் கடந்து போகும் பெரிய லாரியில் எத்தனை டயர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை நாள் உழைப்பு அதில் ஓடுகிறது.

மரமும் களைக்கும், டயரும் களைக்கும்

பால் வெட்டு ஏன் விடியலில் நடக்கிறது? குளிர்ந்த வேளையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதி. வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறையும். அதனால் இருட்டோடு பிரட்டுக்கு நின்றார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், ஒவ்வொரு மரமாகக் குனிந்தும் நிமிர்ந்தும் சீவினார்கள். கத்தி ஆழமாகப் பட்டால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் பட்டால் பால் வராது. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். பிறகு மீண்டும் முதல் மரத்திலிருந்து தொடங்கி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே வரவேண்டும். இரண்டு பக்கமும் வாளி தொங்கும் காண்டாவைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மழை பெய்தால் பாலும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. அதே வேலைக்குப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி கொடுக்கப்பட்ட காலமும் இருந்தது.

மனிதரைப் போலவே மரமும் களைக்கும். இடைவெளி விடாமல் அளவுக்கு மீறிச் சீவினால் பட்டை வறண்டு, பால் சுரப்பதே நின்றுவிடும். ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பட்டை வறட்சி நோய் என்கிறார்கள். அதற்கு முதல் மருந்து ஓய்வு. அதனால்தான் ஒரு மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அல்லது அதைவிடவும் அதிக இடைவெளியில் சீவும் முறைகள் வந்தன. பழைய ஆங்கிலச் சொல்லின் ‘நின்றுபோதல்’ என்ற பொருள் இங்கே மரத்துக்கும் பொருந்திவிடுகிறது.

மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று அறிவியல் சொன்னது. மனிதருக்கு? அதைத் தொழிலாளர்கள்தாம் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. 1967-இல் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்துக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். உலகத்துச் சக்கரங்களுக்கெல்லாம் உடுப்புக் கொடுத்தவர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கால்நடையாகத்தான் போனார்கள். மலாக்கா மாணவர்கள் வரலாற்றுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடினால், இதைவிட அருகில் வேறெங்கும் போகவேண்டியதில்லை.

இன்றைய சக்கரங்கள்

இன்று மலாக்காவில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் போய், பள்ளியின் பெயரில் மட்டும் ‘லாடாங்’ என்ற சொல் மிஞ்சியிருப்பதையும் காண்கிறோம். பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். காண்டா வாளிக்குப் பதில் தொழிற்சாலை பஸ். பிரட்டுக்குப் பதில் இரவு ஷிப்ட்.

ஆகவே ‘டயர்’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் நம் வீடுகளில் இப்போதும் சந்திக்கின்றன. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுபானம் கலந்தவருடைய நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. நம் நாட்டில் வாகனமோட்டிகளுக்கு 2020 முதல் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பும் ஏறக்குறைய அதே அளவுதான். களைப்புக்கு ஊதிப் பார்க்கும் கருவி இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும் அண்ணனோ, தேர்வுக்காக விடிய விடியப் படித்துவிட்டு மோட்டார்சைக்கிளை எடுக்கும் நீங்களோ இதை நினைவில் வைக்க வேண்டும். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை.

டயருக்கும் வயது உண்டு. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் காற்றோடும் வெயிலோடும் வினைபுரிந்து இறுகி, வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கார் டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து மேற்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மிஞ்சியிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்று மாலையே அப்பாவின் காரில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாட்டியின் அகராதி

ஆங்கிலச் சொல் ஒன்றின் வேரைத் தேடினால் அது நம் ஊருக்கே வந்து நிற்கிறது. அப்படியானால் நம் ஊர்ச் சொற்களின் வேரை யார் தேடுவது? நிரை, மங்கு, காண்டா, பிரட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால். இவற்றில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? ‘மங்கு’ மலாய்மொழியிலிருந்து வந்தது. ‘நிரை’ வரிசை என்ற பொருளில் பழந்தமிழிலிருந்தே வருவது. சக்கரத்து டயருக்கு மூலமான ‘அட்டையர்’ என்ற சொல்லும், பழைய பிரெஞ்சில் வரிசை, ஒழுங்கு என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்ததுதான். ரப்பர் மரங்கள் நிரைநிரையாக நின்ற மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

பள்ளி விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா, பாட்டியிடம் போய் உட்காருங்கள். தோட்டத்தில் ஒவ்வொரு பொருளையும் எப்படி அழைத்தார்கள், மரத்தை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் சீவினார்கள், மழை நாளில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். சொல், பொருள், எந்தத் தோட்டத்தில் வழங்கியது என்று மூன்று பத்தியில் அட்டவணை போடுங்கள். நூறு சொற்கள் சேர்ந்தால் அது ஓர் ஆய்வுக்கான தொடக்கம். பல்கலைக்கழகத்தில் மொழியியல், வரலாறு, சமூகவியல் பயில்வோருக்கு இது இன்னும் பெரிய களம்.

தோட்டங்கள் மறைந்தபின் அச்சொற்களைச் சொல்லித்தர ஆள் இருக்கமாட்டார்கள். கேட்டால் பாட்டிக்குக் களைப்பு வராது. கேட்க ஆள் வந்ததே என்று, நீங்கள் எழுதி முடிக்கும் வேகத்தைவிட வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார்.